பால் சொசைட்டிக் கடிகாரத்தில் எட்டு இருபது

டார்விக்கில் ஒரு பேச்சு உலவுகிறது. பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கும் ஓலினா ரஸ்ட்வால்டுக்கு மாதாமாதம் முதல் வாரத்தில் ஓர் உறை வருகிறதாம். உள்ளே நாற்பது டாலராம். அனுப்புவது விமானப்படையாம். எதற்கு? வாயை மூடிக்கொண்டிருக்க.

நாற்பது என்பது முடிதிருத்தும் கடைக் கணக்கு. மளிகைக் கடையில் அது அறுபது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் எண்பது. தேவாலயத்தில் எப்போதுமே கொஞ்சம் தாராளம்தான்.

எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம். ஓலினா அக்கா நாலு வார்த்தை சேர்த்துப் பேசி இந்த ஊரில் கேட்டவர் கிடையாது. பேசாத ஆளுக்கு வாயடைக்கக் காசு கொடுக்குமளவு விமானப்படையில் பணம் கொழிக்கிறது என்றால், எனக்கும் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் நம் ஊர்ப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன், நிறையப் பேசுகிறவன். அதனால் விசாரிக்கலாம் என்று தபால் நிலையத்துக்குப் போனேன்.

தபால்காரர் எய்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்லப் போகும்போதும் உண்மை சொல்லப் போகும்போதும் அவர் செய்வது அதுதான்.

“அடுத்தவங்க கடுதாசியப் பத்தி மூச்சு விடமாட்டேன். சத்தியம் பண்ணி வேலைக்கு வந்தவன் நான்.”

“மூச்சு விட வேணாம் எய்னார். வருதா, இல்லையா?”

“வருது.”

“விமானப்படையிலேர்ந்தா?”

“விமானப்படை பென்சில்லயாய்யா எழுதும்? அயோவாவிலேர்ந்து வருது. பொம்பள கையெழுத்து. இதுக்கு மேல கேக்காத, என் சத்தியம் கெட்டுப்போயிடும்.”

நான் கதவு வரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். குரல் பாதியாகியிருந்தது.

“அந்த உறை எல்லாமே வர்ற வழியில ஒரு தடவ பிரிச்சு ஒட்டினது. நான் பிரிக்கல, சாமி சத்தியமா. நான் ஒட்டியிருந்தா இவ்வளவு நல்லா ஒட்டத் தெரியாது.”

வதந்தியின் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது. மிச்சமிருந்த பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஓலினாவைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். வயது ஐம்பத்தாறு. கல்யாணமில்லை. ரயில் பாதையை ஒட்டிய சின்ன வீடு. முப்பத்து மூன்று வருஷமாகப் பால் சொசைட்டியின் பின்னறையில், கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றி, அமிலம் சேர்த்து, சுழலவிட்டு, மேலே மஞ்சளாக மிதக்கும் கொழுப்பின் அளவைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் எழுதும் எண்ணை வைத்துத்தான் விவசாயிக்குப் பால் விலை. ஒரு கோடு ஏற்றி எழுதினால் ஒரு குடும்பத்துக்குப் புதுக் காலணி. ஒரு கோடு இறக்கினால் இல்லை. ஓலினா ஏற்றியதுமில்லை, இறக்கியதுமில்லை. கூடப்பிறந்த அண்ணன் பாலுக்கே மூன்று புள்ளி ஒன்று என்று எழுதினாள். அவர் நாலு வருஷம் அவளோடு பேசவில்லை. பேசாமலே செத்தும் போனார்.

வடக்கு வயல்காரர் ஆர்விட் நெல்ஸ்டாட் வாரம் தவறாமல் வந்து சண்டை போடுவார்.

“என் மாடு என்ன தண்ணியா பீச்சுது? மூணு புள்ளி அஞ்சு போட்டிருக்க?”

“மாட்டைக் கேளு ஆர்விட்.”

“உன் கண்ணுல கோளாறு!”

“அப்ப மாட்டுக்குக் கண்ணாடி போடு.”

இதுதான் அவள் பேசிய நீளமான பேச்சு என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு.

சொசைட்டிக் கூரைமேல் இன்னும் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. இப்போது புறாக்கள் குடியிருக்கின்றன. போன ஜனவரி வரை அதில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வட துருவத்தைத் தாண்டி ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் வரும், அவற்றை முதலில் டார்விக்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. ஒரு தொலைநோக்கி, ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு. ஆளுக்கு இரண்டு மணி நேர முறை. சம்பளம் கிடையாது. ஆர்விட் அங்கே தூங்குவார். பாதிரியாரின் மனைவி காலுறை பின்னுவார். ஓலினா மட்டும் வானத்தைப் பார்த்தாள். பார்க்கச் சொன்னால் பார்ப்பவள் அவள்.

கடிகாரக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது.

1957 கோடைக்கு நம் நகரமன்றம் சாயங்கால வெளிச்சம் நீள்வதற்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கத் தீர்மானித்தது. ஊர்க்கூட்டத்தில் அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு ஓட்டு. வங்கி, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் புது நேரத்துக்குப் போயின. தோற்ற ஐம்பத்தெட்டு பேர் போகவில்லை. மாடுகளும் போகவில்லை. மாடு எப்போது கறக்கிறதோ அப்போது பால் வரும் என்பதால் பால் சொசைட்டியும் பழைய நேரத்திலேயே நின்றது. ஊரில் அதற்கு மாட்டு நேரம் என்று பெயர். கடைத்தெருவில் ஒன்பது என்றால் சொசைட்டியில் எட்டு. அந்தக் கோடையில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். சிரித்தோம். நம் ஓட்டு யார் கைக்கு எதற்கு உதவப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் முதல் புதன்கிழமை. ஓலினாவின் முறை. சூரியன் விழுந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. அந்திவெள்ளி ஏழு ஐம்பதுக்கே ஏரிக்கு அப்பால் இறங்கிவிட்டது. அதையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள். எழுத வேண்டியதில்லை. ஆனால் ஓலினா எழுதுவாள்.

எட்டு இருபதுக்கு வெள்ளி இறங்கிய அதே பக்கத்தில் ஏரிக்கு மேலே ஒரு வெளிச்சம். ஆரஞ்சு நிறம். சிமிட்டவில்லை. சத்தமில்லை. வடக்கே கொஞ்சம் நகர்ந்து நின்றது. நின்றபோது கீழே புல்லில் சில்வண்டுச் சத்தமும் நின்றது. ஆர்விட் வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டது.

ஓலினா தொலைபேசியை எடுத்தாள். எதிர்முனையில் நகரத்தில் இருந்த விமானப்படை அலுவலகம். தொடர்ந்து பார்க்கச் சொன்னார்கள். எட்டு முப்பத்தாறுக்கு அவள் தலைக்கு மேலே ஒரு போர் விமானம், கூரைத் தகரம் அதிர, வெளிச்சத்தை நோக்கிப் போயிற்று. எட்டு நாற்பத்தொன்றுக்கு வெளிச்சம் அணைந்தது.

“விமானம் போனா சத்தம் வால் மாதிரி பின்னால இழுபட்டுக்கிட்டே வரும்ல?” என்று போன மாதம் என்னிடம் சொன்னாள். “அன்னிக்கு வால் வரல. கத்தரிச்ச மாதிரி நின்னுது.”

பதிவேட்டில் அவள் எழுதியது: 8:41. ஒளி இல்லை. ஒலியும் இல்லை.

ஓட்டிப்போன பையனின் பெயர் வெண்டெல் காஸ். வயது இருபத்து நாலு. ஒன்பது நாள் ராணுவ லாரிகள் ஏரியைச் சுற்றி நின்றன. மீன்பிடிக்கத் தடை. ஆர்விட்டின் வயல் மூலையில் ஒரு கையுறை கிடைத்தது என்பார்கள். ஆர்விட் இல்லவே இல்லை என்கிறார். ஆனால் அந்த மூலையை அவர் இன்றுவரை உழவில்லை.

சனிக்கிழமை ஓலினா வீட்டு வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. கேப்டன் ப்ரூயிட் என்பவர் இறங்கினார். வானத்தில் இனம் தெரியாததைப் பார்த்தேன் என்று சொல்பவர்களை விசாரிப்பதற்கென்றே விமானப்படை வைத்திருந்த ஆள். கூடவே இன்னொருவர், அவர் பேசவே இல்லை, எழுதினார். கேப்டன் இனிமையானவர். வீட்டுப் பூனையைக்கூட விசாரித்தார். பிறகு எட்டுப் பக்கக் கேள்வித்தாளை விரித்தார்.

“கையை நீட்டிக்குங்க மேடம். அந்த வெளிச்சத்த மறைக்க விரல்ல என்ன பிடிக்கணும்? குண்டூசித் தலையா, பட்டாணியா, ஒரு டாலர் காசா, பேஸ்பால் பந்தா?”

“எந்தப் பட்டாணி?”

“ஏதோ ஒரு பட்டாணி மேடம்.”

“காஞ்சதா, ஊறினதா?”

எழுதுபவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஓலினா உள்ளே போய் இரண்டையும் கொண்டுவந்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “காஞ்சது” என்றாள்.

ஆப்பிள் கேக்கும் காபியும் கொடுத்தாள். கேப்டன் இரண்டு துண்டு சாப்பிட்டுப் புகழ்ந்தார். மீதியைத் தட்டோடு எடுத்துப் போகச் சொன்னாள். அதோடு பதிவேட்டையும் எடுத்துப் போனார், இரண்டு வாரத்தில் தந்துவிடுவதாகச் சொல்லி.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. நாலு முட்டை, ஒரு வெங்காயம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பு. வெறும் தட்டு திரும்பி வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

அக்டோபரில் கேப்டன் வந்தார். தட்டு வந்தது. கழுவி, துடைத்து, பளபளவென்று, வெறுமையாக. பதிவேடு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு தட்டச்சுத் தாள்.

“நல்ல செய்தி மேடம். நீங்க பாத்தது வெள்ளி.”

“வெள்ளி ஏழு அம்பதுக்கே எறங்கிடுச்சு.”

“எட்டு இருபதுன்னு நீங்கதானே எழுதினீங்க? உங்க கடைத்தெருக் கடிகாரப்படி எட்டு இருபதுக்கு வெள்ளி ஜம்முனு மேல இருக்கு. பஞ்சாங்கமே சொல்லுது.”

ஓலினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எழுதியது மாட்டு நேரம். அவர்கள் அதைப் புது நேரமாக எடுத்து, ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டு, இறங்கிப்போன வெள்ளியை மறுபடி வானத்தில் ஏற்றியிருந்தார்கள்.

“அது சொசைட்டிக் கடிகாரம். கடைத்தெருவுல அப்ப ஒம்பது இருபது.”

“விமானப்படைக்கு மாட்டு நேரம் கிடையாது மேடம்.”

“போன் எடுத்தாங்களே உங்க ஆபீசுல, அவங்க கடிகாரத்துல என்ன மணி?”

கேப்டன் பூனையைப் பார்த்தார். “அன்னிக்கு அவங்க எழுதின பக்கம் கிடைக்கல.”

பிறகு பெட்டியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நம் ஊர் விவசாயிகள் பதினொரு பேர் கையெழுத்து. ஓலினாவுக்குக் கண் மங்கல், கொழுப்பு அளவையே சரியாகப் பார்ப்பதில்லை, எல்லாப் பாலையும் மறுபடி சோதிக்க வேண்டும். முதல் கையெழுத்து ஆர்விட்டுடையது. கேப்டன் வந்து பேச்சுக் கொடுத்தபோது பறக்கும் தட்டைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. பால் விலை ஒரு கோடு ஏறுமே என்பதுதான்.

“இது உங்க சொசைட்டி கமிட்டிக்குப் போகலாம். போகாமலும் இருக்கலாம்” என்றார் கேப்டன். குரல் உயரவே இல்லை. “அத விடுங்க. வெள்ளின்னா, அந்தப் பையன் பயிற்சிக்குப் பறந்தான், ஏரியில விழுந்தான். யாரும் யாரையும் கூப்பிடல. வெள்ளி இல்லன்னா, யாரோ போன் பண்ணாங்க, அதனால அவன் கெளம்பினான். யாருன்னு அவன் அம்மா கேப்பாங்க. நான் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும்.”

வெளியே காரில் எழுதுபவர் இன்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஓலினா கையெழுத்துப் போட்டாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஓரத்தில் தன் கையால் எழுதினாளாம்: எட்டு இருபது, பால் சொசைட்டி நேரம். கேப்டன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தாளை நாலாக மடித்தார். போகும்போது வாசலில் நின்று, இதைப் பற்றி வெளியே பேசினால் பத்து வருஷம் சிறை என்று, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் நகல் வந்தது. அவள் எழுதிய ஓரம் இல்லை. நேர்க்கோட்டில், சுத்தமாக, வெட்டியிருந்தார்கள். வெள்ளி இருந்தது. எட்டு இருபது இருந்தது. கீழே அவள் பெயர் இருந்தது.

கமிட்டிக்குப் புகார் போகவில்லை. நகல் வந்த மறுநாள் ஆர்விட்டின் பாலை அளந்தாள். மூன்று புள்ளி ஐந்து. அப்படியே எழுதினாள்.

அதற்குப் பிறகு கூண்டில் உட்கார்ந்த எங்கள் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஒரே வார்த்தை: ஒன்றுமில்லை. கண்காட்சி விமானம் தாழப் பறந்து எங்கள் தலையில் துண்டுக் காகிதம் கொட்டிய நாளிலும் ஒன்றுமில்லை. அதில் இரண்டு பக்கம் என் கையெழுத்து. ஒரு ராத்திரி எழுதும்போது நாய்கள் நிசப்தமாக இருந்தன. நான் மேற்கே திரும்பவே இல்லை. அந்தக் காவலைக் கலைக்கும்போது விழிப்போடு இருந்ததற்காக எல்லோருக்கும் ஒரு வெள்ளிச் சின்னம் கொடுத்தார்கள். ஓலினா வாங்க வரவில்லை.

இனி அந்த உறை. போன மாதம் ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

“அக்கா, ஊரு நாப்பது டாலருங்குது.”

“எண்பதுன்னு கேள்விப்பட்டேன்” என்றாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது. அலமாரியிலிருந்து நூலால் கட்டிய ஒரு கத்தையை எடுத்துப் போட்டாள். “படிச்சுக்கோ. எனக்கு முன்னாடியே ரெண்டு மூணு பேரு படிச்சாச்சு.”

பதினேழு கடிதம். அயோவாவில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் திருமதி காஸ் எழுதியவை. வெண்டெலின் அம்மா. அவளுக்கும் அந்த நகலை அனுப்பியிருந்தார்கள், பெயரோடு. பெயரைச் சொல்லாமலிருக்கத்தான் ஓலினா கையெழுத்துப் போட்டாள்.

முதல் கடிதத்தில் இப்படி இருந்தது: ‘உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வெண்டெலுக்கு ஆறு வயதிலேயே வெள்ளியைத் தெரியும். சாயங்காலம் கறவை முடிந்து தொழுவத்திலிருந்து வரும்போது அவன் அப்பா காட்டுவார். அவன் அதைத் துரத்தியிருக்க மாட்டான். நீங்கள் எட்டு இருபது என்று சொன்னதாகப் போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இரண்டு நேரம் நடக்கிறது. நீங்கள் பார்த்தது எந்தக் கடிகாரம்?’

இரண்டாவதிலும் அதே கேள்வி. பதினேழாவதிலும் அதேதான். மற்றபடி மழை, மாட்டு விலை, வெண்டெலின் நாய் செத்துப்போனது. பட்டாளத்தில் இத்தனை பேர் இருந்தும் யாருக்கும் தோன்றாத கேள்வி, ஒரு பால்காரிக்குத் தோன்றியிருக்கிறது.

“பதில் போட்டீங்களா?”

அவள் கண்ணால் காட்டினாள். அலமாரி மேல்தட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பூப்போட்ட ஒரு தகர டப்பா. போன கிறிஸ்துமஸுக்குத் திருமதி காஸ் அனுப்பியது. வால்நட் பிஸ்கட். ஓலினா ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டு, கழுவிக் காயவைத்து, பார்சல் சுற்றிவந்த பழுப்புத் தாளையும் சணலையும் மடித்து அதன்மேல் வைத்திருந்தாள்.

“வெறும் டப்பாவா அனுப்ப முடியுமா?” என்றாள். “முட்டை உடைஞ்சிடும். கேக் சுட்டு வெச்சேன், வெக்க மனசு வரல. அவங்க கேட்டது கேக் இல்லையே. ரெண்டே வார்த்தை. அதுக்குப் பத்து வருஷம். அதுவும் வழியிலேயே பிரிச்சுப் படிச்சிடுவாங்க.”

“நான் எழுதிப் போடட்டுமா அக்கா?”

“டப்பா உனக்கா வந்துச்சு?”

கத்தையை மறுபடி நூலால் கட்டினேன். “பத்திரிகைலயாவது போடவா?” என்றேன்.

“போடு. உன் பத்தியில வர்றத யாரு நம்பறா?”

எழுந்தேன். வாசலில் அவள் கேட்டாள்: “அயோவாவுக்கு இந்த எடைக்குத் தபால் கூலி எவ்வளவு ஆகும்?” கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். எய்னாரிடம் கேட்டுச் சொல்லியும் விட்டேன். சில்லறையை எண்ணி டப்பாவின் மூடிமேல் வைத்தாள்.

இந்த வாரம் பதினெட்டாவது உறை வந்தது. “ஒட்டு இன்னும் நல்லா வந்திருக்கு” என்றார் எய்னார். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தாள், சணல், சில்லறை எல்லாம் கழற்றி வைத்த மூடிமேல் அப்படியே இருக்கின்றன. டப்பாவும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் அவள் கடிகாரம், கடைத்தெருவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.